முன் சில்லில் அரைக்கிற சத்தம்: பேரிங்தானா?

வணக்கம் உறவுகளே. எங்கள் ஆல்டோ காரின் முன்பக்கத்தில் இரும்பும் இரும்பும் உரசுவது போல ஒரு சத்தம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் 40 தாண்டினதும் தொடங்கி, வேகம் கூடக் கூட உறுமலாகிறது. பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. ஆனால் வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது. வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சில்லில்தானே விழும்? அதனால் இடது பேரிங்கில்தான் சந்தேகம்.

ஜக் அடித்துத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மெல்லிய ஆட்டம் இருக்கிறது. ஒரு கையைச் சில்லுக்கு மேலே இருக்கிற சஸ்பென்ஷன் சுருள் கம்பியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் சில்லைச் சுற்றினால், அந்தக் கம்பி வழியாகக் கரகரப்பு விரலுக்குத் தெரிகிறது. கிரவல் ஒழுங்கையால் ஓடுவதால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டில் கல் சிக்கியிருக்குமோ என்றும் பார்த்தேன், இல்லை. பிரேக் பாட் இன்னும் தடிப்பாகவே இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஓடினாலும் டக் டக் என்று அடிக்கவில்லை, அதனால் சில்லைச் சுற்றும் அச்சின் மூட்டிலும் பிழையில்லைப் போல.

கராஜில் இரண்டு பக்கப் பேரிங்கோடு பாட், டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். நல்ல சாமானை ஏன் கழற்ற வேண்டும்? அனுபவமுள்ள அண்ணைமார் சொல்லுங்கோ.

அப்புறம், கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல் பிரஸ் மெஷினில் ஏற்றும் இடம் எங்கே இருக்கிறது? அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கும் கெதியாகப் போய்விடும். அம்மாவை வவுனியாவுக்குக் கிளினிக் கூட்டிப்போக இந்தக் கார்தான். இப்படியே ஏ9 வீதியில் ஓட எனக்குப் பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் இன்றைக்கே பதில் போடுங்கோ.