கியோட்டோ புத்தாண்டு: பெட்டி கட்டும்போதும் மனசை விட்டுப் போகாதது எது?

ஆந்தைவிழி:
சியோன்-இன் கோயில் மணிதான். சுமார் 70 டன், 1636-இல் வார்த்தது. டிசம்பர் 31 இரவு 108 அடி. 108 என்றால் நமக்கு விளக்கவே வேண்டாம். அங்கே அது மனிதனை ஆட்டுகிற ஆசாபாசங்களின் கணக்கு. அடிப்பது 17 துறவிகள். மற்றவர்கள் பக்கக் கயிறுகளை இழுத்து, மணியை முட்டுகிற மரத்தை ஆட்டிவிட, ஒருவர் மட்டும் தலைக்கயிற்றைப் பிடித்தபடி, முதுகு தரையைத் தொடப்போகிற மாதிரி அப்படியே மல்லாந்து விழுவார். அவர் உடம்புக் கனம் முழுக்கக் கயிற்றில் இறங்குகிற அந்த நொடி இருக்கிறதே! அதில்தான் மரம் முழு வேகத்தில் போய் முட்டும். சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சில் அதிரும்.

மூங்கில்நார்:
மணிக்கு நிற்கிற வரிசையில் பாதி ராத்திரி போய்விடும். மருயாமா பூங்காவைத் தாண்டினால் யசாகா கோயில்; அங்கே ஒகேரா நெருப்பு. ஒகேரா மூலிகை வேரைப் போட்டு எரிக்கிற புனிதத் தீயை மூங்கில் நார்க் கயிற்றில் பற்றவைத்து, அணையாமல் சுழற்றிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். புத்தாண்டுக் காலை அடுப்பு அதில்தான் பற்றும், ஸோனி என்கிற புத்தாண்டு அரிசிக் கொழுக்கட்டை சூப் அதில்தான் கொதிக்கும். வேகமாகச் சுழற்றினால் தீ எழும்பும், நிறுத்தினால் கங்கு செத்துவிடும். முழங்காலுக்குக் கீழே, சின்ன வட்டமாக, நிதானமாகச் சுற்ற வேண்டும். கூட்டத்தில் எல்லோர் மேலும் நைலான் குளிர்ச்சட்டை; ஒரு பொறி பட்டாலே ஓட்டை. இருட்டில் அத்தனை சிவப்புப் புள்ளிகளும் வட்டம் போடுவதைப் பார்த்தபின் மணி இரண்டாம் பட்சம்தான்.

பெட்டிக்கட்டு:
இரண்டும் சரி, கிளம்புகிறவர்கள் இதையும் கவனியுங்கள். முன்கூட்டிப் பணம் போட்டுத் தேய்க்கிற ரயில் அட்டையை எந்த வட்டாரத்தில் வாங்கினீர்களோ அங்கேதான் பணம் திரும்பும். டோக்கியோவில் அந்த ஊர் அட்டையான சுய்கா வாங்கிவிட்டு, ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையம் வழியாகக் கிளம்பினால் கவுன்டரில் கைவிரித்துவிடுவார்கள். கியோட்டோவில் வாங்கிய இகோகா அட்டை என்றால் அங்கேயே கொடுக்கலாம். மீதியில் 220 யென் கழிப்பார்கள், 500 யென் முன்பணம் தனியாக வரும். மீதி 220-க்குக் கீழே இருந்தால் அது அப்படியே போய்விடும். அதனால் கடையில் செலவழித்து பூஜ்யமாக்கிவிட்டுக் கொடுப்பதே லாபம். சில்லறையை நாணயமாற்றுக் கடைகளில் வாங்கமாட்டார்கள். 500 யென் நாணயம் நாலைந்து பையில் கிடந்தாலே நல்ல தொகை, அதை முதலில் தீர்த்துவிடுங்கள். வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் போகாது. உப்பு குறைவான மிசோ என்பதால் சீக்கிரம் புளிக்கும். குளிர்பெட்டியில் இருந்ததைக் கடைசி நாளில் வாங்கி, சரக்குப் பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள்.

ஆந்தைவிழி:
மறுபடி போகிற எண்ணம் இருந்தால் அட்டையைத் திருப்பவே வேண்டாம் நண்பரே. கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து வருஷம் செல்லும். மணி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.

மூங்கில்நார்:
மாற வேண்டாம். கயிறு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: எரிகிற கயிற்றோடு ரயிலில் ஏற்றமாட்டார்கள், அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலே கருத்திருந்தாலும் நாருக்குள் கங்கு இருக்கும். நுனியைத் தண்ணீரில் முக்கி, திரி பிரித்துப் பார்த்து, மறுபடி முக்கி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். அந்தக் கரிந்த துண்டைத்தான் அங்கே சமையலறையில் மாட்டிவைப்பார்கள், வீட்டில் தீ அண்டாமல் இருக்க.