உண்ணிச்செடி பிரிக்கெட்: காயவைக்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. கூடலூர் பக்கம் எங்க மகளிர் குழு, பட்டா நிலத்தோரம் மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியை வெட்டித் தூளாக்கி, அச்சுல அழுத்தி பிரிக்கெட் (எரிகட்டி) போடுறோம். தேயிலை ஃபேக்டரி அடுப்புல எரியிற விறகுக்குப் பதிலா இது போகணும். முதுமலைக் காட்டுல இதே மாதிரி மண்டின மஞ்சள் கொன்றை மரத்தை டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசு காகித ஆலை) காகிதக் கூழுக்கு எடுத்தாங்களே, உண்ணிக்கும் அப்படி ஒரு வழி பிறக்கணும்னு ரொம்ப ஆசை.

சிக்கல் ஈரம்தான். தூள்ல ஈரம் 10-12 சதவீதம் இருந்தாத்தான் கட்டி உறுதியா நிக்கும். ஜூன்ல மழை பிடிச்சா இங்க வெயிலையே பார்க்க முடியாது. அச்சுல இருந்து எடுத்ததும் ஓரமெல்லாம் பொலபொலன்னு உதிருது.

சோலார் டிரையர் வச்சிருக்கிறவங்க சொல்லுங்க, மழைக்காலத்துல வேலை செய்யுதா? இல்ல, ஃபேக்டரி புகைபோக்கிச் சூட்டுலயே காயவைக்கலாமா? குன்னூர், கோத்தகிரிப் பக்கம் யாராவது செஞ்சிருந்தா நேர்ல வந்து பார்க்கிறோம்.