பழைய ஹைலக்ஸில் செம்மண் மேடு ஏறுவது எப்படி?

சிப்புட்_பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் செம்பனை முடிந்து புதர்க்காடு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு செம்மண் பாதை மேலே போகிறது, 300 மீட்டர்கூட இருக்காது, ஆனால் கடைசி வளைவுக்கு முன்னால் கைப்பேசியில் சாய்வு பார்த்தால் 20 டிகிரி காட்டுகிறது. மேலே தாத்தா நட்ட டுரியான் மரங்கள். போன வாரம் அப்பாவின் பழைய மேனுவல் ஹைலக்ஸ் பிக்கப்பை ஃபோர் ஹையில், அதாவது நான்கு சக்கரமும் வழக்கமான வேகத்தில் இழுக்கும் நிலையில் போட்டு ஏறினேன். பாதியில் சக்கரம் சுற்றி இன்ஜின் நின்றது, பயத்தில் கிளச்சை மிதித்ததும் வண்டி பின்னால் வழுக்கி, வால்பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்பிவிட்டது. பக்கத்தில் அம்மா. இப்போது வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறார். நான் செய்த தவறு என்ன?

பழைய_ஃபோர்மன்:
தம்பி, நல்லவேளை. 20 டிகிரி என்றால் 100 மீட்டருக்கு 36 மீட்டர் உயரம், அது ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை கேட்கிற மேடு. அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள். இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும், இரண்டாம் கியரில் ஒரே சீராக ஏறும், நடுவில் கியர் மாற்றக் கூடாது.

இன்ஜின் நின்றாலும் கியர் வண்டியைப் பிடித்திருக்கும், கிளச்சை மிதித்தீர்களே, அந்த நொடியில் பிடி போய்விட்டது. அடுத்த முறை நின்றால் முதலில் கால்பிரேக், பிறகு ஹேண்ட்பிரேக். அப்புறம்தான் கிளச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டு, கிளச்சை முழுக்க விட்டு, பிரேக்கையும் மெல்லத் தளர்த்திச் சாவியைத் திருப்புங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், மேட்டில் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள், குறுக்கே நின்றால் உருண்டுவிடும்.

லோரி_அண்ணன்:
மழை பெய்ததா என்று நீங்கள் சொல்லவே இல்லையே? நம் பக்கம் சாயங்கால மழைக்குப் பிறகு செம்மண்ணில் மேல்தோல் மட்டும் ஊறி சோப்பு மாதிரி ஆகிவிடும், டயர் பட்டைக்குள் மண் அடைத்தால் எந்த வண்டியும் நிற்காது. ஒரு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போங்கள். டயரில் காற்றை 22 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பிடிப்பு நன்றாகக் கூடும், ஆனால் பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும், தார்ச் சாலைக்கு வருமுன் காற்றை ஏற்றிவிட வேண்டும், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கும் மாற்றிவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒருமுறை நடந்து ஏறிப் பாருங்கள், மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால் எந்தப் பக்கம் என்று தெரியும். பாதை வனக்காப்புக்குள் போகிறது என்றால் வனத்துறையிடம் பெர்மிட் கேட்டுவிடுங்கள்.

சிப்புட்_பையன்:
ஆமாம் அண்ணே, முதல்நாள் நல்ல மழை. ஃபோர்மன் அண்ணே, வீட்டு வாசலில் சமதரையில் செய்து பார்த்தேன், கிளச்சை மிதிக்காமல் எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பழைய_ஃபோர்மன்:
சில வண்டிகள் அப்படித்தான். அப்படியென்றால் இரண்டு பிரேக்கும் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டு, கிளச்சை மெல்ல விடும்போது வண்டி இழுக்கத் தொடங்கும் இடம் (கிளச் கடிக்கிற இடம்) வந்த பிறகே பிரேக்கை விடுங்கள். அடிவாரத்தில் பத்து மீட்டர் ஏறி, பத்துத் தடவை இறங்கிப் பழகுங்கள், தனியாக.