கலைச்சொல் வேண்டல்: ஆர்ட் குவில்ட் – கலைப்போர்வையா, அடுக்குத்தையலா?

அனைவருக்கும் வணக்கமுங்க.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முந்தைய மடல்களிலிருந்து சில வரிகள். துணிகளை அடுக்கி, பெரும்பாலும் நடுவே பஞ்சு வைத்து, சேர்த்துத் தைப்பது குவில்ட். அதையே பார்க்கும் கலைப் படைப்பாகச் செய்தால் ஆர்ட் குவில்ட். ஹேண்ட்-டைடு என்றால் கையால் சாயமிட்டது. கோபி (கோபிசெட்டிபாளையம்) அக்கா கேட்டது:

> எங்கள் தையல் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஆர்ட் குவில்ட், குவில்டிங், ஹேண்ட்-டைடு துணி மூன்றுக்கும் தமிழ் வேண்டும். 'கலைப்போர்வை' சரியாக இருக்குமா?

கரூர் அண்ணன் சொன்னது:

> இங்கே எக்ஸ்போர்ட்டில் குவில்ட் என்றுதான் புழங்குகிறது. ஜமுக்காளம் மட்டும் தமிழா? வெளியிலிருந்து வந்த சொல் பவானிக்கே அடையாளமாகிவிட்டது. குவில்ட்டையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அக்கா, 'கலைப்போர்வை' வேண்டாமுங்க. போர்த்திக்கொள்வது போர்வை. ஆர்ட் குவில்ட்டை யாரும் போர்த்திக்கொள்வதில்லை, சுவரில் மாட்டுகிறார்கள். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979இல் ஓஹையோ மாநிலத்து ஏதன்ஸ் ஊரில், மாட்டுப் பண்ணைக் கொட்டகை ஒன்றில், 'குவில்ட் நேஷனல்' கண்காட்சி தொடங்கியது. அதற்குள் இது தனிக் கலையாகிவிட்டது. கட்டிலை விட்டு எழுந்து வந்ததற்குப் போர்வை என்று பெயர் வைத்தால் மறுபடி கட்டிலுக்கே அனுப்பியதாகிவிடும்.

'ஒட்டுத்துணி ஓவியம்' என்றும் ஒரு மடல் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒட்டுப்போடுவது இந்தக் கலையில் ஒரு வழி மட்டுந்தான். ஒட்டே இல்லாமல், சாயமிட்ட ஒரே முழுத்துணியை மேலே வைத்துத் தையலாலேயே கோடு போட்டு முடிக்கிற குவில்ட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை இந்தப் பெயர் வெளியே தள்ளிவிடும்.

அப்படியென்றால் எது இருந்தால் அது குவில்ட்? 1989இல் தொடங்கிய 'ஸ்டுடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ்' அமைப்பு தரும் வரையறை, அடுக்கப்பட்டுத் தைக்கப்பட்ட காட்சிப் படைப்பு, அல்லது அப்படி அடுக்கித் தைத்த கட்டமைப்பைச் சுட்டி நிற்கும் படைப்பு என்பது. அடுக்கு, தையல். இந்த இரண்டும் நம் கையிலேயே இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம். குவில்ட் = அடுக்குத்தையல். குவில்டிங் = அடுக்கித்தைத்தல். ஆர்ட் குவில்ட் = அடுக்குத்தையல் ஓவியம். செய்பவர் அடுக்குத்தையலர். மூன்று அடுக்குகளுக்கும் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி. நடுவில் வைப்பது பாலியஸ்டராக இருந்தாலும் கடையில் பஞ்சு என்றுதான் கேட்டு வாங்குகிறோம், அதனால் 'நடுப்பஞ்சு' தடையில்லை.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, நம் வீட்டுப் பெண்கள் செய்ததையும் அது உள்ளே சேர்த்துக்கொள்வது. பழைய நூல்சேலையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பாகத் தைத்தார்களே, அதுவும் அடுக்குத்தையல்தான். பஞ்சு கிடையாது, ஆனால் அடுக்கு உண்டு, தையல் உண்டு. வங்கத்துக் காந்தாவும் வட கர்நாடகத்துக் கவுதியும் இதே குடும்பம். ஒரே சொல்லுக்குள் அமெரிக்கக் குவில்ட்டும் நம் பாட்டிமார் கைவேலையும் வந்து உட்காருகின்றன. 'கலை' என்று முன்னால் ஒட்டியிருந்தால் பாட்டிமாரை வெளியே நிறுத்தியிருப்போம்.

மதுரை ஐயா 'துன்னோவியம்' என்று எழுதியிருந்தார். துன்னல் என்றால் தையல்; அழகான பழஞ்சொல், மறுக்கவே முடியாது. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்த, வேற்று இழை நுழைந்த 'துன்னற் சிதாஅர்' (தைத்த கந்தல்) வருகிறது. சிலப்பதிகாரத்தில் 'துன்னகாரர்' (தையல்காரர்) வருகிறார். ஆனாலும் ஐயா, துன்னலில் தையல் மட்டுமே இருக்கிறது, அடுக்கு இல்லை. அதோடு, கோபி வகுப்பில் உட்காரும் பெண்களுக்கு ஒரு தடவை சொன்னதும் பிடிபட வேண்டும். மேல்துணியில் தையலால் போடும் கோலத்துக்கு மட்டும் 'துன்னல்' என்று வைத்துக்கொண்டால் சொல்லும் வாழும், தேவையும் தீரும்.

இனி ஹேண்ட்-டைடு துணி. 'இயற்கைச் சாயத்துணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். கையால் சாயமிடுவது வேறு, இயற்கைச் சாயம் வேறு. குவில்ட் செய்பவர்கள் பலரும் எடுப்பது ரியாக்டிவ் சாயம். 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த வகை அது. சோடா ஆஷ் தரும் காரத்தில் பருத்தியின் செல்லுலோசோடு சாயம் தானே பிணைந்துகொள்ளும். அடுப்பு வேண்டாம், நம் ஊர்ச் சூடே போதும். துணியைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயந்தான் அலச அலச வெளியே வருவது. அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய் என்று செடிகொடியிலிருந்து எடுக்கும் இயற்கைச் சாயமெல்லாம் முற்றிலும் வேறு கணக்கு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதைக் கண்ட மண் இது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்தோம். இங்கே 'இயற்கை' என்ற சொல்லை இல்லாத இடத்தில் வைத்தால், படிக்கிற பெண் அந்தக் கழிவுநீரை யோசிக்காமல் வாழைக்கு ஊற்றிவிடுவார். 'கைச்சாயத் துணி' போதும். எந்தச் சாயம் என்பதைத் தனியாகச் சொல்லட்டும். 'ரியாக்டிவ்' அப்படியே இருக்கட்டும், திருப்பூர் முழுக்க அறிந்த சொல்.

கட்டிச் சாயமிட்டால் கட்டுச்சாயம், மெழுகு பூசித் தடுத்தால் மெழுகுச்சாயம். இவற்றில் சிக்கலில்லை. சொல் இல்லாமல் நிற்பது மூன்றாவது வகைக்கு. காடாத் துணியில் பாவுக்கு ஏற்றிய கஞ்சி போக நன்றாக வெளுத்து, சோடா ஆஷ் தண்ணீரில் நனைத்து, கசக்கிச் சிறிய பாத்திரத்தில் அடைத்து, கொஞ்சமே கொஞ்சம் சாயநீர் ஊற்றிக் கலக்காமல் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் துணிமேல் ஐஸ்கட்டியைக் குவித்து அதன்மேல் சாயப்பொடியைத் தூவுவார்கள். ஐஸ் உருக உருகக் கலப்பு நிறங்கள் பிரிந்து, கறுப்புப் பொடிக்குள்ளிருந்து ஊதாவும் நீலமும் தனித்தனியே வழியும். மடிப்பின் மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் ஒரு நிறம். சாயப்பட்டறையில் துணி இப்படித் திட்டுத்திட்டாக வந்தால் லாட்டே திரும்பி வந்துவிடும். அடுக்குத்தையலருக்கோ அதுதான் வேண்டும். பாறையும் மேகமும் ஏரித்தண்ணீரும் அந்தத் திட்டுகளுக்குள்ளேதான் கிடைக்கின்றன. வரைந்து கொண்டுவர முடியாததைச் சாயம் தானே போய்ச் செய்துவிடுகிறது. பட்டறைக்காரர் சொல்லும் 'திட்டு' குறையைச் சொல்கிற சொல், அதை எடுக்க மனமில்லை. 'படர்சாயம்' என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: படர்ந்த, படர்கிற, படரும் சாயம்.

கரூர் அண்ணா, ஜமுக்காளம் பற்றி நீங்கள் சொன்னது சரியானது. குவில்ட் என்ற சொல்லும் சந்தையில் இருக்கட்டும், யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் ஜமுக்காளம் என்ற சொல்லிலிருந்து நெய்பவருக்கோ நெய்யும் செயலுக்கோ இன்னொரு சொல் கிளைக்கவில்லை. பாடக்குறிப்பு எழுதுகிற அக்காவுக்குக் கிளைக்கிற சொல் வேண்டும்.

– சென்னிமலையிலிருந்து

---

> அடுக்குத்தையல் சரிதானுங்க அம்மிணி. ஏப்ரன், கையுறை தைக்கிற எங்கள் ஆட்களுக்கும் சொன்னதும் விளங்குகிறது. 'அடுக்குத்தையலர்' மட்டும் வாயில் நுழையவில்லை. 'பைண்டிங்'குக்கு என்ன சொல்கிறீர்கள்? அதை விட்டுவிட்டீர்களே.
> – கரூரிலிருந்து

அண்ணா, நன்றிங்க. 'அடுக்குத்தையலர்' எழுத்துக்கு மட்டும் இருக்கட்டும், பேச்சில் 'அடுக்குத்தையல்காரர்' என்று சொல்லிவிடலாம். பைண்டிங்குக்கு எந்தத் தையல் கடையிலும் புழங்குகிற 'பட்டி' இருக்கிறதே. விளிம்பில் வருவதால் 'விளிம்புப்பட்டி'. கோணத்தில் வெட்டிய துணியில் தைத்தால் 'கோணப்பட்டி'. அக்கா, வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். 'படர்சாயம்' அங்கே ஒத்துவராவிட்டால், பெண்கள் அதை என்னவென்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.