சாவி யாரிடம் இருக்கிறது? பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்த அனுபவங்கள்

நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை, காரைக்குடி பக்கம்:

கதை எழுதச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். மடமடவென்று எழுதிவிடுவார்கள். வந்து சேருவதுதான் எப்போதும் மூன்றே தினுசு: ஒரு ஊரில் ஒரு ராஜா, காட்டில் ஒரு சிங்கம், பாழடைந்த வீட்டில் ஒரு பேய். முடிவு, "திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு." அதற்குக் கீழே கோடு போட்டு "நீதி". சின்ன வகுப்பிலிருந்து படித்த கதைகள் அப்படி இருந்ததால், கதை என்றாலே இதுதான் என்று நினைக்கிறார்கள்.

நான் பேயைப் பிடித்துக்கொண்டேன். நம்ம ஊரில் பேய்க்கு இடம் தேட வேண்டியதில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கு போனாலும் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் பூட்டிக் கிடக்கும் பெரிய செட்டிநாட்டு வீடுகள். பள்ளிக்கு வருகிற வழியில் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் நடக்கிறார்கள். "பூட்டிய வீடு" என்று தலைப்புக் கொடுத்தேன். வகுப்பு மொத்தமும் பேய். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், தானாகத் திறக்கிற கதவு.

எதையும் திருத்தாமல் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: சாவி யாரிடம் இருக்கிறது?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "எங்க பெரியம்மாகிட்ட இருக்கு டீச்சர், அவங்கதான் அந்த வீட்டைப் பெருக்குறாங்க." "எங்க தாத்தா ராத்திரி அங்க முகப்புலதான் படுப்பாரு." நானும் விடவில்லை. வீட்டுக்காரர்கள் எப்போது வருவார்கள்? முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு, கல்யாணத்துக்கு. வந்தால் முதலில் எந்தக் கதவைத் திறப்பார்கள்? மழைக்காலத்தில் எந்தக் கதவு இறுகிக்கொள்ளும்? எத்தனை பேருக்குப் பங்கு? வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அறை, தனிப் பூட்டு. ஒரு சாவி சென்னையில் இருக்கும், ஒன்று மலேசியாவில் இருக்கும். இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இதைக் கதையில் எழுதலாம் என்று மட்டும் அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஒரு பெண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவளுடைய அப்பத்தா அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். முதலில் எழுதியதில் இரண்டாங்கட்டு அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்கும், கதவைத் திறந்தால் பேய் நிற்கும். இரண்டாவது முறை எழுதியதில் சத்தம் அப்படியே இருந்தது, பேயைக் காணோம். ஓடு உடைந்து மழைத்தண்ணீர் உள்ளே ஏதோ ஒரு அண்டாவில் சொட்டுகிறது. அப்பத்தாவிடம் எல்லாச் சாவியும் உண்டு, அந்த அறைச் சாவி மட்டும் கிடையாது. அது இன்னொரு பங்காளியுடையது. பூட்டை உடைத்தால் திருட்டுப் பழி வரும். உடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் சாமான் பாழாகும். இந்த இடத்தை அவள் வாசித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை. உடைக்கணும், உடைக்கக்கூடாது.

அதில் ஒரு வரி: "அப்பத்தா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் கதவுக் குமிழைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் காதை வைத்தது." சத்தம் கேட்கப் போகிற நேரத்திலும் குமிழைத் துடைக்கிற கை! இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது. அந்தப் பிள்ளை கூட நின்று பார்த்திருக்கிறது. நாம் செய்யக்கூடியது, அவள் பார்த்தது வெளியே வருகிற மாதிரி ஒரு கேள்வி கேட்பதுதான்.

அவள் முடித்த விதமும் எனக்குப் பிடித்தது. அப்பத்தா உடைக்கவில்லை. ராத்திரி முழுக்க வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அண்டா எவ்வளவு நிரம்பியது என்று சொட்டுகிற சத்தத்தை வைத்தே கணக்குப் பார்க்கிறார். அதோடு கதை நின்றுவிட்டது. கீழே பழக்க தோஷத்தில் "நீதி: பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே" என்று இருந்தது. நீதியோடு ஒருமுறை, நீதி இல்லாமல் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அந்த நீதி வரியை அவளே அடித்துவிட்டாள்.

இப்போது எந்தக் கதைக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யாருக்கு என்ன வேணும், குறுக்கே எது நிற்குது? இதற்குப் பதில் இருந்தால் ராஜா கதைகூட நன்றாக வருகிறது. மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், ஆத்தங்குடி வட்டாரம்:

டீச்சர், உங்கள் சாவிக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். அப்பா, தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "எனக்குக் கற்பனை வராது சார்" என்று வெள்ளைத்தாளைக் கொடுத்துவிடுவான். சரி, கதை வேண்டாம், கல் எப்படிப் போடுவார்கள் என்று சொல்லு என்றேன். கண்ணாடியைத் துடைத்து வைப்பார்கள். மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கடைசியில் ஈரக்கலவையைப் போட்டு மட்டம் பார்ப்பார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டி. கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ தெரியும். சொல்லிக்கொண்டே வந்தவன், "அதுவரைக்கும் பூ குப்புறப் படுத்திருக்கும் சார்" என்றான்.

அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதிப்போட்டு, இதிலிருந்து ஆரம்பி என்றேன்.

கதை இதுதான். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் சிவப்புக்குப் பதில் பச்சையை ஊற்றிவிட்டு, அப்பா வருவதற்குள் கலவையைப் போட்டு மூடிவிடுகிறான். எல்லாக் கல்லோடும் அதையும் அடுக்கியாகிவிட்டது. எது என்று அவனுக்கே தெரியாது. முதலில் எழுதியதில் பச்சைக் கல் கடைசி வரியில்தான் வெளியே வரும். படிக்கிறவருக்கு அதுவரை எதுவுமே தெரியாது. பச்சை ஊற்றியதை இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிடு என்றேன். "சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடாதா சார்?" எழுதிப் பார்க்கச் சொன்னேன். படிக்கிறவருக்கு விஷயம் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. இப்போது அப்பா ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றும்போதும் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மறைத்து வைப்பதைவிட முன்கூட்டியே சொல்வதில்தான் பதைப்பு கூடுகிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. நான் தனியாக விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:

மேல்நிலை மாணவர் ஒருவர் பர்மாக் கதை எழுதிக் கொண்டுவந்தார். வீட்டுப் பெட்டகத்தில் பழைய கடிதங்கள் கிடைத்தனவாம். 1942இல் ரங்கூனிலிருந்து ஒரு வட்டிக்கடை முதலாளி நடந்தே ஊர் திரும்புகிறார். வழியில் தேவகோட்டையிலிருந்து கடிதம் மறுநாளே வந்து சேருகிறது. ஆற்றைக் கடந்தால் அடுத்த பத்தியில் ஊர். "கற்பனைதானே ஐயா" என்றார்.

இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஆளைக் கற்பனை செய்யலாம், அவர் பட்ட பாட்டை அறிந்துகொண்டுதான் எழுத வேண்டும். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இதே ஊரில் இருக்கிறார்கள். உட்காரவைத்து விவரம் சொன்னேன். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் பக்கமாகவும் மணிப்பூர் பக்கமாகவும் காடு மலை ஏறி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் ஏராளம்.

அப்புறம் ஒரு கேள்வி: நடக்கிறவர் கையில் என்ன இருக்கும்? ஒரு வாரம் கழித்துப் பேரேடு என்று சொன்னார். கொடுத்த கடன் அத்தனையும் அதில்தானே இருக்கிறது. அந்தப் பேரேட்டை யார் சுமப்பார்? அங்கேதான் கதை மாறியது. முதலாளியை விட்டுவிட்டு, கடையில் வேலை பழக வந்த பெட்டியடிப் பையன் சொல்கிற கதையாக எழுதினார். சுமக்கிறவனுக்கு அதன் மதிப்புத் தெரியாது. அரிசியைக் கீழே போடச் சொல்கிறார்கள், இதைப் போடக்கூடாது என்கிறார்கள், ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. சொல்கிற ஆளை மாற்றியதும் பழைய வாக்கியங்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் புதிதாக வந்தன. எழுத வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது, ஒரு பக்கமாவது வேறொருவர் வாயால் எழுதிப் பாருங்கள் என்று.

கிளை நூலகத்தில் கோடை வகுப்பு எடுக்கும் அம்மா, பள்ளத்தூர்:

எங்கள் பிள்ளைகளிடம் பேய் குறைவு, சினிமா அதிகம். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் மாட்டை அடக்கிவிட்டு மெதுவாக நடந்து வருகிறார்கள், பின்னணி இசை ஒன்றுதான் இல்லை. தேவகோட்டை ஐயா சொன்னதைப் போலத்தான் நானும் செய்தேன். மாடு வளர்த்த வீட்டில் அன்றைக்குக் காலையில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒரு பையன் தன் அக்கா சொல்வதாக எழுதினான். மாடு திடலுக்குப் போன பிறகு அக்கா காலித் தொழுவத்தைக் கூட்டிவிட்டு, தவிட்டுத் தண்ணீரைக் கலக்கி வைத்துவிட்டு, வாசலுக்கும் தொழுவத்துக்குமாக நடக்கிறாள். மஞ்சுவிரட்டு கதைக்குள் வரவே இல்லை. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சரிடம் ஒரு சந்தேகம். எழுத்துப்பிழையை எப்போது திருத்துகிறீர்கள்? எடுத்த எடுப்பிலேயே சிவப்பு மை போட்டால் பிள்ளைகள் சுருங்கிப்போகிறார்கள். விட்டுவிட்டால் பெற்றோர் கேட்கிறார்கள்.

நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை:

அம்மா, முதல் முறை எழுதியதில் நான் மை வைப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். கேட்கிறவர் எங்கே "என்னது?" என்கிறாரோ அங்கே எழுதினவரே பென்சிலால் கோடு போட வேண்டும். கதை ஒழுங்காக அமைந்த பிறகு, இரண்டாவது நோட்டில் படியெடுக்கும்போதுதான் ர, ற, ல, ள, ழ எல்லாம். அப்போது அலுக்காமல் திருத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் கதை தங்களுடையது. பேச்சு வரிகளை மட்டும் தொடுவதில்லை. அப்பத்தா "அங்கிட்டுப் போகாத" என்றால் அது அப்படியே இருக்கட்டும்.

பெற்றோருக்கு அந்த இரண்டாவது நோட்டைக் காட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் பிள்ளைகளின் எழுத்து வந்திருப்பதையும் காட்டினால் அவர்களுக்கும் ஆர்வம் வரும். உங்கள் மஞ்சுவிரட்டுப் பையன் சம்மதித்தால் அந்தக் கதையை எங்கள் வகுப்பில் வாசிக்கத் தருவீர்களா? ஏழாம் வகுப்பில் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.