மழைக்கு அப்புறம் கடலில் இறங்கியவர்கள் இருக்கிறீர்களா?

அலைக்கிறுக்கன்:
போன டிசம்பரில் நடந்தது. நாலு நாள் மழை விட்டு, பெசன்ட் நகரில் ஞாயிறு காலை நல்ல வெயில். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. மழைத் தண்ணீர்தானே என்று நானும் அண்ணன் மகனும் ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டோம். அவன் இரண்டு மூன்று வாய் கடல் தண்ணீரைக் குடித்தே விட்டான். மறுநாள் ராத்திரி அவனுக்கு வாந்தி, பேதி. எனக்குக் காதுக்குள் குத்தல். ஒரு வாரம் சொட்டு மருந்து. வீட்டில் எல்லோரும் கடற்கரை பஜ்ஜியைத்தான் திட்டினார்கள். பஜ்ஜி சாப்பிட்டவன் நான் மட்டும்தான்!

அப்புறம் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். "மழை மாசத்துல கடல் நீரோட்டம் வடக்கேர்ந்து தெக்கால வரும் தம்பி. அடையாத்துத் தண்ணி நம்ம கரையைத் தடவிட்டுத்தான் போகும். கோடையில அப்படியே வடக்கால போயிடும்" என்றார். முகத்துவாரம் எங்களுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அது உறைக்கவில்லை.

உப்புக்கல்:
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். பெரியவர் சொன்னது சரி. மழை பெய்தால் ஊர்ச் சாக்கடையும் ஆற்றோடு சேர்ந்து கடலுக்கு வந்துவிடும். அங்கே நாங்கள் ஒவ்வொரு நோய்க்கிருமியாகத் தேடுவதில்லை. மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவை எண்ணுவோம், அவ்வளவுதான். அதில் ஈ.கோலை என்ற வகை உப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் செத்துவிடும். என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு வகை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அதனால் கடலுக்கு அதுதான் நல்ல சாட்சி. அமெரிக்காவின் 2012 அளவுகோலில் 100 மில்லி தண்ணீருக்குச் சராசரி 35 என்டரோகாக்கஸ் வரைதான் இருக்கலாம். நம் ஊரில் குளிக்கும் கடல்நீருக்கு இன்னும் ஈ.கோலையும் அடங்கிய மலக் கோலிஃபார்ம் கூட்டத்தின் கணக்குதான், 100 மில்லிக்கு 100. சிக்கல் என்னவென்றால், வளர்த்து எண்ண ஒரு நாள் ஆகிவிடும். சனிக்கிழமை எடுத்த தண்ணீரின் லட்சணம் ஞாயிறுதான் தெரியும். அதற்குள் நீங்கள் குளித்துத் தலை துவட்டியிருப்பீர்கள்.

பலகைக்காரன்:
சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங் கற்றேன். 2021ல், சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று வாங்கிய கரை. தண்ணீரைச் சோதிப்பது அந்தக் கொடிக்கான நிபந்தனைகளில் ஒன்று. அப்படியும் பெருமழை பெய்தால் எங்கள் மாஸ்டர் மூன்று நாள் பலகையைத் தொட விடமாட்டார். ரொம்பத்தான் பயப்படுகிறார் என்று அப்போது சிரித்தோம்.

அலைக்கிறுக்கன்:
மூன்று நாள்... சரி, குறித்துக்கொண்டேன். அண்ணன் மகன் இப்போதெல்லாம் முதலில் ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறான். அது தெற்கே நகர்ந்தால், "சித்தப்பா, இன்னைக்கு மணல் வீடுதான்" என்கிறான்.