சேர், இணை, சந்தா: மெயில்மேன் உதவி மடலுக்குச் சொல் தேடி

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு:

அனைவருக்கும் வணக்கம்.

மெயில்மேன் 2.1, மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருள்; கட்டளையை மடலில் எழுதி அனுப்பினால் செய்யும். அதன் உதவி மடல், தமிழாக்கக் கோப்பு வெள்ளி மாலை போக வேண்டும். இரண்டு சொல்லில் வண்டி நிற்கிறது: குழுவில் சேரும் ‘சப்ஸ்கிரைப்’, விட்டுப் போகும் ‘அன்சப்ஸ்கிரைப்’. ஒருவர் ‘சந்தா செய்’ என்று போட்டிருக்கிறார், இன்னொருவர் ‘இணை’, மூன்றாமவர் ‘பதிவுசெய்’. ஒரே மடலில் மூன்றும் வருகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் தட்டியாக வேண்டும். மெயில்மேனில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பைத்தான் கோப்பு, அந்தக் கோப்பின் பெயர்தான் கட்டளை. நம் கோப்பு அந்தப் பக்கமே போகாது. ஆக, நாம் தேடுவது வாசகர் தட்டுகிற சொல்லை அல்ல, தட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிற சொல்லை.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

‘சந்தா’ வேண்டவே வேண்டாம். பாரசீகத்தில் கிளம்பி உருது வழியாக வந்தது. அது போகட்டும், பொருளும் தவறு. சந்தா என்றால் காசு. இதில் யார் காசு கட்டுகிறார்கள்?

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘கீழே எழுது’. பத்திரத்தின் அடியில் ஒப்பமிட்டு உடன்படுவது. அந்த வழியில் போனால் ‘கீழொப்பு’, ‘கீழொப்பர்’ என்று அழகாகக் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஒப்பம்தான் வேர் என்றால் எங்கட பக்கம் ‘கைச்சாத்து’ இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கு, ஐயா. ‘கைச்சாத்திடு’ எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். லிஸ்ட்செர்வ் என்ற இன்னொரு குழுமடல் மென்பொருளில் விலகுகிற கட்டளையே ‘சைன்ஆஃப்’ தானே, அதற்கும் ஒத்துவரும்.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

கைச்சாத்து நல்ல சொல். ஆனால் நெல்லையில் ‘சாத்து’ என்றால் கதவைச் சாத்துவது. சேர வருகிறவரிடம் கதவைச் சாத்தச் சொல்லலாமா? சாமிக்கு மாலை சாத்துகிறோம், அது இன்னொரு பொருள். வணிகர் கூட்டமும் சாத்து. கூட்டம் என்ற பொருளைப் பிடித்தால் நம் குழுவுக்கே ‘மடற்சாத்து’ என்று...

வழங்கிப் பொறுப்பு, சென்னை:

சாத்து வரைக்கும் போய்விட்டீர்கள், வெள்ளிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இந்த மடலைப் படிப்பவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று சொல்கிறேன். சொல் அங்கே உதவினால் போதும்.

முதல் தவறு முகவரி. கட்டளை போக வேண்டியது குழுப்பெயரோடு ‘-ரெக்வெஸ்ட்’ ஒட்டிய முகவரிக்கு. மறந்து குழு முகவரிக்கே அனுப்பினால் ‘என்னை எடுத்துவிடுங்கள்’ என்ற மடல் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். விலகல் நடக்காது.

இரண்டாவது, லிஸ்ட்செர்வ் பழக்கம். அதில் எல்லாக் குழுவுக்கும் ஒரே முகவரி, அதனால் கட்டளைக்குப் பின்னால் குழுப்பெயர் எழுத வேண்டும். மெயில்மேனில் குழுப்பெயர் முகவரியிலேயே இருக்கிறது. ‘சப்ஸ்கிரைப்’ என்று எழுதிப் பக்கத்தில் குழுப்பெயரையும் போட்டால், அதை உங்கள் கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். ‘அன்சப்ஸ்கிரைப்’போடு போட்டால் கடவுச்சொல் தவறு என்று திருப்பும். கடவுச்சொல் நினைவில்லையா, ஒன்றும் எழுதாமல் விடுங்கள். உறுதி கேட்டு மடல் வரும், பதில் போட்டால் முடிந்தது.

மூன்றாவது, உதவி மடலில் இருக்கிற கோண அடைப்பும் சதுர அடைப்பும். கோணத்துக்குள் இருப்பது கட்டாயம், சதுரத்துக்குள் இருப்பது விருப்பம். இரண்டையும் தட்டக் கூடாது. அப்படியே படியெடுத்து ஒட்டுகிறவர்கள் நிறைய. தமிழ் வரியில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நான்காவது, அலங்கார மடல். வண்ண எழுத்தும் படமுமாக, வெற்று உரைப் பகுதியே இல்லாமல் வந்தால் மடலின் உடலை மெயில்மேன் படிப்பதில்லை. பொருள் வரியில் (சப்ஜெக்ட்) கட்டளை இருந்தால் அது மட்டும் நடக்கும். மேஜர்டோமோ என்ற மற்றொரு குழுமடல் மென்பொருள் நேர் எதிர்: பொருள் வரியைக் கண்டுகொள்ளாது, உடலை மட்டும் பார்க்கும். மெயில்மேனுக்கு உடலில் எழுதுகிறவர் கடைசி வரியில் ‘எண்ட்’ போட வேண்டும். இல்லையேல் கையொப்பத்தில் இருக்கிற பதவி, தொலைபேசி எண் எல்லாம் ‘அன்பிராசஸ்ட்’ என்ற தலைப்பில் நீளப் பட்டியலாகத் திரும்பி வரும்.

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு:

> ‘அன்பிராசஸ்ட்’ என்ற தலைப்பில்

இதற்கு ‘கையாளாதவை’ போட்டிருக்கிறேன். ‘செயலாக்கப்படாதவை’ நீளம்.

பதில் மடல் சங்கதியும் சொல்லிவிடுங்கள். நம் தமிழ் மென்பொருள் ‘பதில்:’ என்று முன்னொட்டு போடுகிறதே, உறுதி செய்கிற ‘கன்ஃபர்ம்’ கட்டளை கெட்டுப்போகாதா?

வழங்கிப் பொறுப்பு, சென்னை:

கெடாது. பொருள் வரியின் முதல் சொல் கட்டளையாக இல்லாவிட்டால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த சொல்லை ஒரே ஒரு தடவை பார்க்கும். எந்த மொழி முன்னொட்டானாலும் சரி. ‘பதில்: முன்னனுப்பு:’ என்று இரண்டு சேர்ந்தால்தான் தொலைந்தது. உறுதிக் குறியீடு இயல்பாக 3 நாள் செல்லும், பிறகு முதலிலிருந்து.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

சரி, இறங்கி வருகிறேன். எளிய ஏவலாகவே போகட்டும். நன்னூலார் ‘செய்’ என்னும் ஏவலுக்கு 23 ஈறு சொன்னார். ‘சேர்’ அதில் ‘பார்’ வகை, ‘விலகு’ ‘அஃகு’ வகை. விகுதி வேண்டாம், பகுதியே ஏவல். கணினிக்கு இதைவிடச் சுருக்கம் யார் தருவார்?

ஆனால் ஒரு சிக்கல். சேர்ந்தான், சேர்த்தான் இரண்டுக்கும் ஏவல் ‘சேர்’ ஒன்றே. நான் சேர்வதா, இன்னொருவரைச் சேர்ப்பதா? ‘இணை’க்கும் இதே நோய். விலகு, விலக்கு மட்டும் பிரிந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அந்தச் சிக்கல் வெறும் இலக்கணம் இல்லை. ‘அட்ரஸ்=’ என்று போட்டு வேற முகவரியையும் சேர்க்கலாம் தானே. அப்ப அது பிறவினை.

வழங்கிப் பொறுப்பு, சென்னை:

சேர்க்கலாம், ஆனால் உறுதி கேட்கிற மடல் அந்த முகவரிக்குத்தான் போகும். அவர் ஒப்பாமல் யாரும் யாரையும் சேர்த்துவிட முடியாது. ஆகவே கடைசியில் தன்வினைதான். (முகவரியைச் சுற்றி அடைப்போ மேற்கோளோ கூடாது.)

தமிழாசிரியர், திருநெல்வேலி:

பிறவினைக்கு வி, பி சேர்த்து ‘சேர்ப்பி’ ஆக்கலாமே?

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு:

முடியாது ஐயா. ‘டெலிவரி’க்கு ஏற்கெனவே ‘சேர்ப்பிப்பு’ என்று போட்டாயிற்று. ‘செட் டெலிவரி ஆஃப்’ என்றால் உறுப்பினராக இருந்துகொண்டே மடல் வராமல் நிறுத்துவது, ஊருக்குப் போகிறவர்களுக்கு. இரண்டும் ‘சேர்ப்பி’ என்றால் விலகினோமா நிறுத்தினோமா என்று ஆள் குழம்பிப்போவார்.

வழங்கிப் பொறுப்பு, சென்னை:

‘செட்’ வரிசை என்றதும் நினைவுக்கு வந்தது. அதே மடலில் முதலில் ‘செட் ஆதென்டிகேட்’ போட்டுக் கடவுச்சொல் தர வேண்டும், பிறகுதான் மற்ற ‘செட்’ வரிகள். மாற்றி எழுதினால் ஒன்றும் மாறாது. மொழிபெயர்ப்பில் வரிசையைக் கலைத்துவிடாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து:

தாமதமாக நுழைகிறேன். ‘டைஜஸ்ட்’டுக்கு ‘சாரம்’ என்று கண்டேன். தவறு. அதில் சாரமும் இல்லை, சுருக்கமும் இல்லை. மடல்கள் முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மடலில் வரும். ‘தொகுமடல்’ எப்படி? வினைத்தொகை, தொகுத்த, தொகுக்கிற, தொகுக்கும் மடல்.

இன்னொன்று. ‘சந்தா’வை ஏன் இவ்வளவு விரட்டுகிறீர்கள்? ‘சந்தாதாரர்’ என்றால் பத்திரிகை வாங்குகிற எவருக்கும் புரிகிறது. ‘தொகுமடல்’ யாருக்குப் புரியும் என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

தொகுமடலுக்கு என் முழு வாக்கு. ‘மடல்’ என்றதும் தலைவன் பனைமடல் குதிரையேறி ஊர்த் தெருவில் வருவதுதான் நினைவுக்கு வருகிறது. பெண் மடலேறுவதில்லை என்று குறள். இங்கே இருபாலாரும் நாள்தோறும் மடலேற்றுகிறோம்...

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு:

நிறுத்திக்கொள்வோம். எண்ணிப் பார்த்தேன். ‘சேர் / விலகு’ என்பதற்கு நால்வர், ‘சந்தா’வுக்கு ஒருவர். ‘கீழொப்பு’க்கு அதைச் சொன்னவரே இப்போது இல்லை. ‘தொகுமடல்’ ஏறக்குறைய எல்லாரும். கோப்பில் இப்படிப் போகிறது:

‘சப்ஸ்கிரைப்: இந்தக் குழுவில் சேர. கடவுச்சொல் தராவிட்டால் ஒன்று தானாக உருவாகும். தொகுமடலாக வேண்டுமானால் கடவுச்சொல்லுக்குப் பின் டைஜஸ்ட் என்று சேர்த்து எழுதவும்.’

‘அன்சப்ஸ்கிரைப்: குழுவிலிருந்து விலக. கடவுச்சொல் தந்தால் உடனே விலகலாம். தராவிட்டால் உறுதி கேட்டு மடல் வரும்.’

கட்டளை வடிவம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: குழுப்பெயரோடு ‘-லீவ்’ ஒட்டிய முகவரிக்கு வெற்று மடல் அனுப்பினாலும் விலகல் தொடங்கும்.

கோலாலம்பூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘உறுப்பினர்’ என்று வர வேண்டிய இடங்களில் ‘சந்தாதாரர்’ ஒன்றிரண்டு தப்பி நிற்கிறது, தேடி மாற்றுங்கள்.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

என் மறுப்பையும் பதிந்து வையுங்கள். நிர்வாகி பக்கத்தில் ஒருவரை வெளியேற்றும் பொத்தானுக்கு ‘நீக்கு’ என்று விட்டிருக்கிறீர்கள். விலகு என்று தன்வினையை எடுத்தபின் அதன் பிறவினை ‘விலக்கு’ கண்ணெதிரே நிற்கிறது, ‘நீக்கு’வுக்கு அங்கே என்ன வேலை? அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்கிறேன்.